விரதக்காரியின் பை

ஆறு வருஷமாக எனக்குப் பெரிய விரதக்காரி என்று பெயர். செஞ்சியில் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் யார் வீட்டுக் கல்யாணப் பலகாரம் வந்தாலும், யார் பிரிவு உபசாரத்துக்கு வெஜிடபிள் பிரியாணி வந்தாலும், "டீச்சர் இன்னிக்கும் விரதமா?" என்று அவர்களே கேட்டு, அவர்களே தலையாட்டி, என் பங்கை வேறு யாருக்காவது வைத்துவிடுவார்கள். நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு, அஷ்டமி சதுர்த்தசியில் உபவாசம், வடிகட்டிக் காய்ச்சிய தண்ணீர் என்று எங்கள் வீட்டு வழக்கமெல்லாம் இந்த வட்டாரத்தில் தெரிந்த விஷயம். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. என் அம்மா உண்மையாகவே விரதம் இருப்பவள். அவள் காதுக்கு இது போயிருந்தால் பெண்ணைப் பற்றிப் பெருமைப்பட்டிருப்பாள், அதை நினைத்தால்தான் எனக்குக் கூசும்.

விரதமும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு க்ரோன் நோய். குடலில் அங்கங்கே புண் வரும். ஒட்டிக்கொள்கிற நோய் கிடையாது, கெட்டுப்போனதைச் சாப்பிட்டு வந்ததும் கிடையாது. உடம்பு தன் குடலையே எதிரியாக நினைத்துக்கொள்கிறது என்று புதுச்சேரியில் நான் பார்க்கும் டாக்டர் சொன்னார். முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம். சில மாதம் சாதுவாக இருக்கும். பிறகு ஒருநாள் காலையில் அடிவயிற்றில் வலது பக்கம் பிடித்து முறுக்கும், அன்றிலிருந்து வீட்டுக்கும் கக்கூஸுக்கும் நடுவில்தான் வாழ்க்கை.

வெளியே போக வேண்டும் என்றால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது எங்கே கக்கூஸ் இருக்கிறது என்பது. பஸ் ஸ்டாண்டில் ஒன்று, உள்ளே போனால் கதவு சாத்தாது. பஜாரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஒன்று, துணி எடுப்பதுபோல் போக வேண்டும். தாலுக்கா ஆபீஸில் இருப்பது எப்போதும் பூட்டியே கிடக்கும். ராஜகிரிக் கோட்டை மேல் ஏறி ஆறு வருஷம் ஆகிறது. வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது கோட்டையைப் பார்ப்பேன், மேலே போய் முறுக்கினால் கீழே இறங்க எத்தனை நேரம் ஆகும் என்றுதான் மனசு முதலில் யோசிக்கும்.

போன வருஷம் டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு நோட்டு போடுங்கம்மா. என்ன சாப்பிட்டீங்க, எத்தனை தடவ போனீங்க, ரத்தம் இருந்துச்சா, வலி எப்படி. அவ்ளோதான்." கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். மூன்று நாள் எழுதினேன். மூன்றாம் நாள் 'ஏழு' என்று என் கையெழுத்திலேயே பார்த்ததும் பயம் வந்துவிட்டது. நோட்டைப் புடவைகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அடுத்த முறை அவர் கேட்டபோது, "மூணு, நாலு சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு எப்போது போனாலும் மூணு, நாலுதான். பிள்ளைகள் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டால் காதைத் திருகுகிற கணக்கு டீச்சர் நான்.

இப்படி இருக்கும்போது உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடி தலைமை அலுவலர் என்று போட்டு எனக்கு உத்தரவு வந்தது. தொண்டூர்ப் பக்கம் ஒரு கிராமம். முந்தின நாளே போய்த் தங்கி, மறுநாள் காலை ஏழு மணி முதல் சாயங்காலம் வரை இருந்து, பெட்டிக்குச் சீல் வைத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அந்தச் சமயம் பார்த்து நோய் இன்னும் மோசமாகி மூன்று வாரம் ஆகியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். அவர் உத்தரவை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: "மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்தா உட்டுடுவாங்க. இன்னாத்துக்கு இந்தப் புடிவாதம்?"

"சர்டிபிகேட் ஹெச்.எம். டேபிளுக்குப் போவும். அங்கேர்ந்து ஸ்டாப் ரூமுக்குப் போவும். அப்பறம் பஜார் பூரா போவும்."

"போவட்டுமே. திருடவா செஞ்சே?"

அவருக்கு அது புரியாது. திருடியிருந்தால்கூட வெளியே சொல்லும்படியான ஒரு கதை இருக்கும். அடக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதையும், சில நாள் ஓடியும் போய்ச் சேராததையும் யாரிடம் என்னவென்று சொல்வது?

அவர்தான் என் கறுப்புப் பையை நிரப்பித் தந்தார். இரண்டு செட் உள்ளாடை, ஒரு பாவாடை, பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள், ஈரத் தாள், நாப்கின், கட்டிப்போட்டு எறிய கறுப்பு கவர், சோப்பு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறு, காலையில் போட வேண்டிய ஸ்டீராய்டு மாத்திரை, பொரி ஒரு டப்பா. அந்தப் பை இல்லாமல் நான் தெருமுனைக் கடைக்குக்கூடப் போனதில்லை.

என் வைத்தியம் ஒன்று உண்டு. வெளியே போக வேண்டிய நாளுக்கு முந்தின நாளிலிருந்தே சாப்பிடுவதை நிறுத்திவிடுவேன். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே வர ஒன்றும் இருக்காது என்பது என் கணக்கு. இந்தக் கணக்கை டாக்டர் பல தடவை தப்பு என்று அடித்திருக்கிறார். குழைந்த சோறு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பட்டினி கிடந்தால் குடல் சும்மா இருந்துவிடாது என்பார். நான் அங்கே தலையாட்டிவிட்டு இங்கே வந்து பட்டினி கிடப்பேன்.

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களை வேன் இறக்கிவிட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. நான் பெட்டிகளைக்கூடப் பார்க்கவில்லை, நேரே கழிப்பறையைத் தேடிப் போனேன். இருந்தது. ஆனால் மைதானத்துக்கு அந்தப் பக்கம், புளியமரத்தைத் தாண்டி. ஓட்டுப் போட வருகிறவர்கள் வரிசையில் நிற்கிற இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். குழாயில் தண்ணீர் இல்லை, வெளியே தொட்டியில் மொண்டு வாளியோடு போக வேண்டும். எண்ணிப் பார்த்தேன், எண்பத்து நாலு அடி. என்னால் வேகமாக நடக்க முடிகிற தூரம்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

சத்துணவுக்கூடத்தில் எங்களுக்குச் சமைத்திருந்தார்கள். சோறு, முருங்கைக்கீரைச் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல். கீரையும் அவரைத் தோலும் எனக்கு ஆலகாலம். சமைத்த அம்மா தட்டோடு வந்தபோது, வாயில் தயாராக இருந்ததைச் சொன்னேன்: "எனக்கு வேணாம்மா. விரதம்."

"நாளைக்குமா டீச்சர்?"

"நாளைக்கும்தான்."

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். விடிவதற்குள் இந்தச் செய்தி ஊர் முழுக்கப் போய்விடும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு ஆரம்பித்தது. நாலு பதவிக்கு நாலு கலர் சீட்டு. ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் என் கையெழுத்து இருந்தால்தான் செல்லும். சுவரோரமாகப் பெஞ்சில் வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகள். அதில் ஒருவர் நாற்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, காதில் பேனா செருகியிருந்தார். டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறவர் என்றும், போன தடவை தலைவர் பதவிக்கு நின்ற இவருடைய அண்ணன் கொஞ்ச ஓட்டில் தோற்றார் என்றும், அண்ணன்தான் இந்த முறையும் நிற்கிறார் என்றும் எனக்கு உதவியாக இருந்த முதல் அலுவலர் சொன்னார். அவர் மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து வந்த வாத்தியார், பொறுமையான மனிதர். டிராக்டர்காரர் யாரையும் நம்புகிற முகத்தோடு வரவில்லை. பெட்டியைச் சீல் வைக்குமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

ஏழு இருபதுக்கு முதல் முறுக்கல் வந்தது. ஒரு கட்டுச் சீட்டில் கையெழுத்தைப் போட்டு முதல் அலுவலரிடம் தள்ளிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வரிசையில் நின்றவர்கள் எனக்கு வழி விட்டார்கள். எண்பத்து நாலு அடி. திரும்பி வந்து உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு மறுபடி. எட்டரைக்கு மறுபடி. மூன்றாம் தடவை ரத்தமும் இருந்தது. ஓ.ஆர்.எஸ். கலக்கிக் குடிக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் விரதம் என்று சொல்லிவிட்டு அத்தனை பேர் நடுவில் எப்படிக் குடிப்பது? கழிப்பறையில் வைத்து இரண்டு மடக்கு குடித்தேன். குடித்ததும் அதுவும் வந்துவிட்டது.

ஒன்பதே காலுக்கு எழுந்தபோது முதல் அலுவலர் மெதுவாகக் கேட்டார்: "மேடம், உடம்பு முடியலையா?"

"ஒண்ணுமில்ல சார். போன் வந்துச்சு." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பெஞ்சில் டிராக்டர்காரர் காதிலிருந்த பேனாவை எடுத்ததைப் பார்த்தேன். ஓட்டுப் போட்டவர் பெயரைத் தன் பட்டியலில் டிக் அடிக்கிறார் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கெல்லாம் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. சீட்டு, கையெழுத்து, கதவு, புளியமரம். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தொடைகளை இறுக்கிக்கொண்டு, அடுத்த பத்து நிமிஷம் வேண்டாம், அடுத்த பத்து நிமிஷம் வேண்டாம் என்று உள்ளே கெஞ்சிக்கொண்டே இருப்பேன். பதினொன்றரைக்கு ஒருமுறை கழிப்பறைக் கதவுக்கு நாலடி முன்னாலேயே கொஞ்சம் தவறிவிட்டது. பாவாடை மாற்றினேன். பழையதைக் கவரில் போட்டுக் கட்டிப் பையின் அடியில் வைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்த மாதிரி ஒரு முகத்தை ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வாசலில் டிராக்டர்காரர் நின்றிருந்தார். கையில் ஒரு தாள்.

"மேடம், பையில இன்னா இருக்குது?"

"என் சொந்தச் சாமான்."

"தெறங்க, பாக்கலாம்."

"அதைக் கேக்க உங்களுக்கு உரிமை கெடையாது."

"ஓட்டுச்சீட்டுல கையெழுத்துப் போடுறவங்க நீங்க. பத்து நிமிசத்துக்கு ஒருவாட்டி பையத் தூக்கிக்கினு வெளிய போறீங்க. அங்க யாரு வந்து வாங்கிக்கினு போறாங்கன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? எங்க அண்ணன் போனவாட்டி தோத்ததே இப்பிடித்தான்."

குரல் ஏறியது. வரிசை கலைந்தது. இன்னொரு ஏஜென்ட் இவரோடு மல்லுக்கு நின்றார். காவலர் நடுவில் புகுந்தார். ஓட்டுப்பதிவு நின்றது. முதல் அலுவலர் அந்தப் பக்கத்துச் சாவடிகளுக்கெல்லாம் பொறுப்பான மண்டல அலுவலருக்குப் போன் போட்டார். அவர் பக்கத்து ஊரில்தான் இருந்தார், கால் மணி நேரத்தில் ஜீப்பில் வந்துவிட்டார். அந்தக் கால் மணி நேரம் நான் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எவ்வளவு சந்தேகமாகத் தெரிந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

மண்டல அலுவலர் தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தார். "தலைமை அலுவலர் கைப்பையுடன் வெளியே சென்ற நேரம். 7.20. 8.00. 8.30. 9.15. 9.40. 10.05. 10.35. 11.00. 11.30. மொத்தம் ஒன்பது முறை." படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது?"

"பாத்ரூம் போனேன் சார்."

டிராக்டர்காரர் விடவில்லை. "சார், இவங்க நேத்து சாயங்காலத்துலேர்ந்து விரதம். பச்சத் தண்ணி பல்லுல படல. ஊருக்கே தெரியும், சமைச்ச அம்மாவைக் கேளுங்க. ஒண்ணுமே சாப்புடாதவங்களுக்கு ஒம்பது வாட்டி இன்னா சார் பாத்ரூமு?"

கூட்டத்தில் யாரோ, "அதானே?" என்றார்கள்.

ஆறு வருஷம் என்னைக் காப்பாற்றிய பொய் இப்போது என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. பையைத் திறக்காவிட்டால் ஓட்டுப்பதிவு தொடராது, மறுதேர்தல், விசாரணை, ஓட்டுச்சீட்டு திருடிய டீச்சர் என்று பேர். திறந்தால் எல்லாம் போச்சு. "நீங்களே தெறந்துடுங்கம்மா" என்றார் மண்டல அலுவலர், கொஞ்சம் மரியாதையாகத்தான். அப்போது மறுபடி முறுக்கியது. இந்த முறை முன்னறிவிப்பு எல்லாம் கிடையாது. எனக்கு ஒரு நிமிஷமோ, அதற்கும் குறைவோதான் இருந்தது.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அந்த மனிதர் மேல், ஊர் மேல், என் மேல், என் குடல் மேல். எழுந்து பையைத் தலைகீழாக்கி மேஜையில் கொட்டினேன். உள்ளாடை, நாப்கின், கிழிந்த வேட்டித் துணி, பொரி டப்பா, மாத்திரை. கடைசியில் கட்டிய கறுப்பு கவர் விழுந்தது.

"இதுல என் அழுக்குப் பாவாட இருக்குது. அதையும் அவுத்துப் பாருங்க. எனக்குக் குடல்ல புண்ணு. ஆறு வருசமா. க்ரோன் நோயின்னு பேரு. ரத்தமாப் போவுது. விரதமெல்லாம் பொய்யி. சாப்ட்டா போவும்னு பயந்து சாப்புடல. சாப்புடாட்டியும் போவுது." மேஜையிலிருந்து ஓர் உள்ளாடையையும் நாப்கினையும் எல்லாருக்கும் முன்னாலேயே எடுத்துக்கொண்டேன். டிராக்டர்காரரைப் பார்த்தேன். "இப்ப பத்தாவது தடவ போறேன். எழுதிக்குங்க."

வரிசை சுவரோடு ஒதுங்கி வழி விட்டது. எண்பத்து நாலு அடியையும் நான் ஓடித்தான் கடந்தேன். போய்ச் சேர்ந்தேன்.

திரும்பி வந்தபோது மேஜை மேல் ஒன்றும் இல்லை. முதல் அலுவலர் எல்லாவற்றையும் பையில் போட்டு, மேலே ஒரு செய்தித்தாளை மடித்து மூடி வைத்திருந்தார். மண்டல அலுவலர் முதல் அலுவலரைக் காட்டி, "எத்தன தடவ வேணும்னாலும் போயிட்டு வாங்கம்மா, இவரு பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஓட்டுப்பதிவு தொடர்ந்தது. நான் பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலக்கி மேஜை மேலேயே வைத்து எல்லாரும் பார்க்கக் குடித்தேன். மதியம் சமைத்த அம்மா வந்து, முகத்தைப் பார்க்காமல், "கீரை இல்லாம வெறும் சோறு கொழைய வெச்சு மோர் ஊத்தியாந்தேன்" என்று கிண்ணத்தை வைத்தாள். இவளைத்தான் நேற்று கும்பிட வைத்தேன் என்று வெட்கமாக இருந்தது. நாலு வாய் சாப்பிட்டேன். உயிர் வந்தது.

டிராக்டர்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் நான் எழுந்து போகும்போதெல்லாம் காதிலிருந்து பேனாவை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனைக்குப் பிறகுமா? போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பெட்டிகளுக்குச் சீல் வைத்தோம். ஏஜென்ட்டுகள் வழக்கப்படி சீல் மேல் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாரும் போன பிறகு டிராக்டர்காரர் மட்டும் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அந்தத் தாளை நீட்டினார்.

"இன்னா இது?"

"நீங்கதான எழுதிக்கச் சொன்னீங்க. எழுதிட்டேன்."

காலையில் எழுதிய ஒன்பதுக்குக் கீழே 12.05, 1.40, 3.10, 4.25 என்று நாலு நேரம் சேர்ந்திருந்தது. 'ஒன்பது' என்பதை அடித்து 'பதிமூன்று' என்று திருத்தி, கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார், சீலில் போட்ட அதே கையெழுத்து.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். எங்களுக்கு இன்னா தெரியும்? நீங்க விரதம்னீங்க, போன் வந்துச்சுன்னீங்க." அவ்வளவுதான் சொன்னார். அதில் மன்னிப்பு பாதி, குற்றச்சாட்டு பாதி. இரண்டுமே சரிதான்.

அடுத்த வாரம் புதுச்சேரிக்குப் போனேன். வீட்டுக்காரர் கூட வந்தார். டாக்டர் எப்போதும்போல் ஃபைலைத் திறந்து, எப்போதும்போல் கேட்டார்: "எத்தன தடவம்மா போவுது?"

"மூணு..." என்று என் வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்களே. நேரம்லாம் போட்டு."

"நான் எழுதல சார். ஒரு பூத் ஏஜென்ட் எழுதினாரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அந்த ஒரு நாள் மட்டும் இப்படியா?"

"இல்ல சார். ஒரு மாசமா இப்படித்தான். அதுக்கு முன்னாடியும் ஒரு வருசமா ஏழு, எட்டு. நான் உங்ககிட்ட சொல்லல."

அவர் ஃபைலைப் பின்னால் பின்னால் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய சின்ன எழுத்தில் 3–4, 3–4 என்று இருந்ததை மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே என்னால் படிக்க முடிந்தது. பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஒரு வருஷமா நான் அந்த நாலுக்குத்தாம்மா மருந்து குடுத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.